மே மாதம் தாண்டிக்குடிப் பக்கம் காட்டுக்குள் ஒரு எஸ்டேட் வீடு: குடும்பத்தோடு போய்த் தங்கலாமா?

வைகைக்கரை | ஏப்ரல் 6, இரவு 9.15

வணக்கம் மக்களே. மதுரையில் இப்பவே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மே மாதம் ஒரு பத்து நாள் மலைப்பக்கம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு. கொடைக்கானல் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. ஏரியைச் சுற்றிக் காரில் ஊர்வதற்கு மதுரையிலேயே காளவாசல் சிக்னல் இருக்கிறது.

தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி, காபித் தோட்டத்துக்குள் ஒரு பழைய எஸ்டேட் வீடு வாடகைக்குக் கிடைக்கிறது. ஓனர் அனுப்பிய படத்தில் ஓட்டுக் கூரை, நீளமான திண்ணை, அதைத் தாண்டினால் எங்கே பார்த்தாலும் மரம். மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதை. டிவி கிடையாது. சமையலுக்கும் காவலுக்கும் ஒரு கணவன் மனைவி உண்டு. தோட்டத்தை ஒட்டியே ரிசர்வ் ஃபாரஸ்ட்.

நானும் என் கணவரும், 13 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய மாமியார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: பாதுகாப்பா? பிள்ளைகள் பொழுதைப் போக்குவார்களா, இல்லை மூன்றாம் நாளே ஊருக்குப் போகலாம் என்று அரிப்பார்களா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ரெண்டாம் கியர் | ஏப்ரல் 6, இரவு 9.52

வழி மட்டும் நான் சொல்கிறேன். வத்தலக்குண்டு வந்துவிட்டால் இரண்டு பாதை. ஒன்று பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழி. இன்னொன்று கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறி, ஊத்தில் திரும்பி, பண்ணைக்காடு வழி. மே மாதத்துச் சனி ஞாயிறில் இரண்டாவது பாதையை நினைத்தும் பார்க்காதீர்கள். முதல் பாதை குறுகல், வளைவும் அதிகம், ஆனால் நெரிசல் கிடையாது. வழியில் புல்லாவெளி அருவி வரும். பார்த்துவிட்டு வாருங்கள், பாறையில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். வழுக்கி விழுந்து உயிர் போன இடம் அது.

காலையில் பிள்ளைகளுக்கு இட்லியோடு நிறுத்துங்கள். பூரி வேண்டாம். காரணம் பெரும்பாறை வளைவுகளில் தெரியும்.

மிளகுக்கொடி | ஏப்ரல் 7, காலை 6.10

எனக்கு அந்தப் பக்கம் சின்னதாகத் தோட்டம் உண்டு, தலைமுறையாக. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓனரிடம் கேட்க வேண்டியது வாடகை இல்லை, தண்ணீர். எங்கள் கீழ்ப்பழனி மலைக்குத் தென்மேற்குப் பருவமழை மிச்சம் மீதிதான் வரும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மாசி, பங்குனியில் ஊற்று மெலிந்துவிடும். சித்திரையில் கோடை மழை இறங்கினால்தான் மறுபடி ஏறும். பெரும்பாலான எஸ்டேட் வீடுகளுக்கு மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் வழியாகத்தான் தொட்டிக்குத் தண்ணீர் வரும். ராத்திரி காட்டுமாடு மிதித்தால் ஹோஸ் கழன்றுவிடும். விடிந்து ஆள் போய் மாட்டுகிறவரை குழாயில் காற்றுதான் வரும். எப்போதும் இரண்டு குடம் நிரப்பி வையுங்கள். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும், அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

கரண்டும் அப்படித்தான். மே மாதத்து இடிமழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் அன்றைக்கு விளக்கு இல்லை, மறுநாளும் சந்தேகம். டார்ச் ஆளுக்கு ஒன்று. மாமியாருக்கு இன்சுலின் உண்டு என்றால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜை நம்ப முடியாது.

அடுத்தது மாலை ஆறு மணி. ஆறு மணிக்கு மேல் திண்ணையைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது. பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான். வெயில் தாழ்ந்ததும் காட்டுமாடு காபிச் செடிகளுக்கு நடுவே மேய வந்துவிடும். கொடைக்கானல் கடைவீதியில் மாட்டின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர்கள் இங்கேயும் அப்படியே கிட்டப் போகிறார்கள். அது ஒரு டன் எடை வரை போகக்கூடிய உயிர். கூட்டத்தைவிடத் தனியாகத் திரியும் கிடா மோசம். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து மெதுவாகப் பின்வாங்கி, நடுவில் ஒரு பெரிய மரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

யானை. மே மாதம் பலா பழுக்கும். வீட்டைச் சுற்றி இருக்கும் பலாக்காயை முன்கூட்டியே வெட்டி இறக்கியிருக்கிறார்களா என்று ஓனரிடம் கேளுங்கள். "அதெல்லாம் வராதுங்க" என்று சிரித்தால் வேறு வீடு பாருங்கள். பழுத்த பலாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறை வாட்சர்கள் மூலமாகத் தோட்டத்து ஆட்களுக்குத் தினமும் தெரிந்துவிடும். காலையில் காபி குடிக்கும்போதே அதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் எங்கே நடப்பது என்று முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு சொன்னதால் பயந்துவிடாதீர்கள். என் பேத்திகள் எல்லா லீவுக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வீக்எண்ட் விக்கி | ஏப்ரல் 7, காலை 10.30

ஆறு மணிக்கு மேல் உள்ளே உட்கார்ந்துகொள்ளவா அவ்வளவு தூரம் போவது? முற்றத்தில் ஒரு கேம்ப் ஃபயர், நாலு பாட்டு, சுட்ட சோளம், இதுகூட இல்லாமல் காட்டு வீட்டுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்? நாங்கள் ஒவ்வொரு தடவையும் போடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை.

மிளகுக்கொடி | ஏப்ரல் 7, காலை 11.05

தம்பி, ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாதுதான். ஏப்ரல், மே மாதத்தில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். ஒரு பொறி போதும். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தது இதே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான், அதுவும் கோடைத் தொடக்கத்தில். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கே அரசு தனி விதி கொண்டுவந்தது.

சோளம் சுட அடுப்படியில் விறகு அடுப்பு இருக்கிறது. பாட்டு கேட்கக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது.

எதிர்க்கட்சி | ஏப்ரல் 7, மதியம் 1.20

மிளகுக்கொடி ஐயாவிடம் ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த மலையில் காட்டை வெட்டித்தானே காபி போட்டீர்கள்? யானை போன பாதையில் கம்பி வேலி கட்டியதும் தோட்டக்காரர்கள்தானே? இப்போது காபி விலை ஏறி இறங்குகிறது என்று பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுவதும் நீங்கள்தான். பத்து நாள் வந்து போகிற மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒழுக்கப் பாடமா?

நீலகிரியில் மசினகுடிப் பக்கம் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை அகற்றச் சொன்ன தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் அங்கே ஒரு விடுதியிலிருந்து எரிகிற டயரை யானை மேல் எறிந்து அது செத்தும் போனது. ஹோம்ஸ்டே என்று பேர் வைத்தால் எல்லாம் வீடாகிவிடுமா?

மிளகுக்கொடி | ஏப்ரல் 7, மாலை 4.40

கோபம் இல்லை. வெட்டித்தான் போட்டார்கள், என் முப்பாட்டன் உட்பட. இல்லை என்று சொல்ல மாட்டேன். வாடகைக்கு விடுகிறவர்களில் பதிவு இல்லாமல் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் வருகிறவர்களும் போகிறவர்களும் சேர்ந்து கெடுக்கிற காட்டில் யார் முதலில் கெடுத்தார் என்று தீர்த்துவிட்டுத்தான் குப்பையை அள்ள வேண்டும் என்றால், அள்ளவே போவதில்லை.

சோலைமந்தி | ஏப்ரல் 7, இரவு 8.00

பறவை பார்க்கப் போகிறவன் என்ற முறையில் நடுவில் நுழைகிறேன். காபித் தோட்டம் என்றாலே ஒரே ரகம் இல்லை. பலா, அத்தி, கல்யாண முருங்கை என்று நாட்டு மரங்களை நிழலுக்கு விட்ட தோட்டத்தில் மலை அணிலும் இருவாச்சிக் குடும்பத்துப் பறவைகளும்கூடத் தென்படும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்ட தோட்டம் பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் அமைதியாகிவிடும். அது ஆஸ்திரேலிய மரம். மிளகுக்கொடி ஏற நேராக வளரும், வெட்டி விற்கலாம், அதனால் பரவிவிட்டது. வைகைக்கரை அக்கா வீடு தேடும்போது படத்தில் மரங்களைப் பாருங்கள். வெறும் நேர்க்கோட்டுத் தண்டுகளாக இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது தோட்டம். காடு கிடைக்காது.

விடியலுக்கு முன்னால் யாரோ ஒரு பையன் ராகம் தெரியாமல் விசில் அடித்துக்கொண்டு போவது மாதிரி கேட்கும். திருடன் இல்லை, சீகாரப் பூங்குருவி. ஓடைப் பக்கம் வீடு என்றால் நிச்சயம் கேட்கலாம்.

ஒரு ஏமாற்றத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் காபிப் பூ படம் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், மே மாதம் அது இருக்காது. கோடையின் முதல் நல்ல மழை, ஓர் அங்குலம் அளவுக்குப் பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் போகும்போது பச்சைப் பிஞ்சுதான் இருக்கும்.

நைட் டியூட்டி | ஏப்ரல் 8, அதிகாலை 3.25

நான் செவிலியர். யாரும் கேட்காத பகுதியை நான் எழுதுகிறேன்.

பாம்பு: நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஆனது. மலைக்காட்டில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது வேலை செய்யாது. ஆனால் அவை கடித்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், வீக்கத்தையும் இரத்தப்போக்கையும் கவனிக்க வேண்டும். எது கடித்திருந்தாலும் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை அசைக்காமல், உடனே கிளம்ப வேண்டும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம் (கொண்டு வருகிறார்கள், சில சமயம் உயிரோடு). 108-க்கு அழைக்க எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும், ஜீப் யாரிடம் இருக்கிறது, விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது, இந்த மூன்றையும் போன முதல் நாளே கேட்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

உண்ணிக் காய்ச்சல்: பேர் அப்படி இருந்தாலும் பரப்புவது புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். இடுப்பு, அக்குள் மாதிரி மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் "காட்டு வீட்டில் தங்கியிருந்தோம்" என்று நீங்களாகவே சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சீக்கிரம் கேட்கும் நோய், தள்ளிப்போட்டால் ஐசியு வரை போகும். நடந்துவிட்டு வந்த துணியைக் கட்டிலில் போடாதீர்கள். புல்லில் நேராக உட்காராதீர்கள்.

மாமியார் செருப்பில்லாமல் நடப்பவரா? சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினால் தெரியாது. ராத்திரி தினமும் பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

செட்டிநாட்டு மருமகள் | ஏப்ரல் 8, காலை 9.45

எல்லாரும் பயமுறுத்தியது போதும், நான் கொஞ்சம் ஆசை காட்டுகிறேன். பண்ணைக்காடு பக்கம் இப்படி ஒரு வீட்டில் நாங்கள் போய் இருந்திருக்கிறோம், எங்கள் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு. யாருக்குப் பிடிக்காது என்று நினைத்தோமோ அவர்தான் கிளம்ப மறுத்தார். வந்த மறுநாளே தோட்டத்துப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைக்க ஆரம்பித்துவிட்டார். கல், காம்பு, பொக்கு மூன்றையும் ஒரே வீச்சில் பிரித்தார். அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட ஆள் தேடுபவர் அவர்.

பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அரிக்கத்தான் செய்வார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறையில் மட்டும் சிக்னல் வரும், அதில் போய்ப் போய் நிற்பார்கள். அப்புறம் அட்டைப்பெட்டி முகாம், தாயம், பல்லாங்குழி என்று இறங்கிவிடுவார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் பெரியவன் காலையில் வெந்நீர் அடுப்புக்குப் பொறுப்பு. ஈர விறகைப் பற்ற வைக்க ஒரு மணி நேரம் ஊதுவான், கண்ணெல்லாம் சிவந்திருக்கும், யாரும் உதவிக்கு வரக் கூடாது.

சாப்பாடு: மளிகை எல்லாம் வத்தலக்குண்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காய் அங்கேயே கிடைக்கும், சௌசௌ, பீன்ஸ், அவரை. விருப்பாட்சி மலைவாழைப்பழம் கட்டாயம் வாங்குங்கள், புவிசார் குறியீடு பெற்றது. தோல் கறுத்து அழுகின மாதிரி இருக்கும்போதுதான் உள்ளே சரியான பதம். என் கணவர் கெட்டுப்போச்சு என்று ஒரு சீப்பைக் குரங்குக்கு எறிந்துவிட்டார். அதோடு குரங்கு விடவில்லை, ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. பழம் போனதுகூடப் பரவாயில்லை.

ஈரத்துணி | ஏப்ரல் 8, மதியம் 12.15

மன்னிக்கவும், எனக்கு ஆசை காட்ட ஒன்றும் இல்லை. வேறொரு மலையில் இதே மாதிரி வீடு, ஜெனரேட்டர் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். போனால் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. விடாத மழை. போர்வையில் பூஞ்சை வாசம், தலையணையில் எறும்பு, கூரையில் ராத்திரி முழுக்க மரநாய் ஓடுகிற சத்தம். காயப்போட்ட துணி கடைசி வரை காயவில்லை. என் மனைவி இன்றைக்கும் யாராவது "இயற்கை" என்றால் எழுந்து போய்விடுவாள்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. வீட்டில் ஒருவருக்குச் சுத்தம் முக்கியம் என்றால் மூன்று நாள் மட்டும் போட்டுப் பாருங்கள். பத்து நாள் முன்பணம் கட்டாதீர்கள்.

வைகைக்கரை | ஏப்ரல் 8, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. ஓனரிடம் பேசினேன். பலாக்காயை இறக்கிவிட்டார்களாம், காய் கறிக்குப் போய்விட்டதாம். ஊற்று இப்போது மெலிவாகத்தான் வருகிறது, மழை இல்லாவிட்டால் லாரித் தண்ணீர் வரவழைப்பேன் என்கிறார். பதிவுச் சான்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாமியாருக்கு மாத்திரைதான், இன்சுலின் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். மலைக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டுமா? சமைத்துக் கொடுக்கும் அந்த அம்மாவுக்குத் தனியாக என்ன கொடுப்பது? ஓனர் "நீங்க ஒண்ணும் கொடுக்க வேணாம்" என்கிறார், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிளகுக்கொடி | ஏப்ரல் 9, காலை 5.50

இ-பாஸ் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து ஊட்டி, கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. இலவசம்தான். ஒரு நாள் கொடைக்கானல் பக்கம் போகலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் காரில் இருக்கவே கூடாது, தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

அந்த அம்மா விஷயம் நீங்களாகக் கேட்டது நல்லது. பணம் கையில் கொடுங்கள், ஓனர் வழியாக வேண்டாம். தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்ன என்று விசாரித்து, அதற்குக் குறையாமல் நாள் கணக்குப் போட்டுக் கடைசி நாளில் கொடுங்கள்.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அவர்கள் குடியிருப்பு லைன் வீடு (தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டியது), பங்களாவிலிருந்து பெரும்பாலும் கொஞ்சம் தூரம் தள்ளித்தான் இருக்கும். நீங்கள் ஒன்பது மணிக்குச் சுடச்சுடச் சப்பாத்தி கேட்டால், அதைச் சுட்டுக் கொடுத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு அந்த இருட்டில் நடந்து போவது அவர்கள்தான். விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு, சமைத்தவரைக் காட்டுமாட்டுக்கு நடுவில் அனுப்புகிறோம். ராத்திரிச் சாப்பாட்டை ஐந்தரைக்குள் ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பாத்திரத்தை நீங்களே தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். மிச்சத்தை ராத்திரி வெளியே கொட்ட வேண்டாம், கரடியும் காட்டுப்பன்றியும் வரும்.

எதிர்க்கட்சி | ஏப்ரல் 9, காலை 8.15

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன், ஐயா.

வீக்எண்ட் விக்கி | ஏப்ரல் 9, காலை 8.40

சரி, கேம்ப் ஃபயர் வாபஸ். விறகு அடுப்பில் சோளம் சுட எத்தனை மணி வரை அனுமதி?

செட்டிநாட்டு மருமகள் | ஏப்ரல் 9, காலை 9.00

உங்களுக்குப் பற்ற வைக்கத் தெரிந்தால் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும்.

வைகைக்கரை | ஏப்ரல் 10, மாலை 6.20

சான்று வந்துவிட்டது, பார்த்தேன். ஈரத்துணி சொன்ன மாதிரி முதலில் நான்கு நாளுக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறோம், பிடித்தால் நீட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. சுவரில் ஒட்டும் தாளுக்குப் பெரியவள் பொறுப்பு. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதாமே, அங்கே வெண்ணெய்ப்பழக் கன்று வாங்கி வர வேண்டும் என்று மாமியார் இப்போதே பட்டியல் போடுகிறார்.

கடைசிக் கேள்வி ரெண்டாம் கியர் அண்ணனுக்கு. எங்களுடையது சின்னக் கார். அந்த மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதையில் இறக்கலாமா? மெதுவாக வந்தால் வரும் என்கிறார் ஓனர்.

ரெண்டாம் கியர் | ஏப்ரல் 10, இரவு 7.05

வரும். மழை பெய்துவிட்டால் திரும்பிப் போகாது. மெயின் ரோட்டில் தெரிந்த கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஜீப்பை அங்கே வரச் சொல்லுங்கள். ஜீப் வாடகை யார் தலையில் என்று இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். டேங்கை வத்தலக்குண்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பெரும்பாறை இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், பிரேக்கில் காலை ஊன்றாதீர்கள். கருகல் வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெண்ணெய்ப்பழக் கன்று டிக்கியில் படுக்காது. மாமியார் மடியில்தான்.